சவுந்தரிக்கு ஓர் ஆமைப்பூட்டு

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
9-3-1986

அன்பு மகள் லலிதாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவின் முழங்கால் நோவைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறாயா என்று உண்மையாக எழுது. குளிக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடவேண்டாம் என்று நான் சொன்னது நினைவிருக்கும்.

உன் கடிதம் கிடைத்தது. உன் சிநேகிதி சவுந்தரி டொக்டர் சோதனை பாஸ் பண்ணி, வருகிற மாதம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி தொடங்குகிறாள், உன் பேரில் அவளுக்கு நல்ல பரிசாகத் தெரிந்து கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். நாடி பார்க்க விநாடி முள் உள்ள மணிக்கூடு, இல்லாவிட்டால் நல்ல குடை என்று யோசனையும் சொல்லியிருந்தாய்.

பரிசு தெரிவதில் எனக்கு ஒரு வழி உண்டு. நான் படிப்பித்த காலத்தில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குக் கதைப் புத்தகம் கொடுத்ததில்லை. வாய்பாடு கொடுப்பேன். பிந்தி வருகிற பிள்ளைக்கு அலாரம் மணிக்கூடு. பெறுகிறவரிடம் எது இல்லையோ அதைக் கொடுப்பதுதான் பரிசு. சவுந்தரியிடம் மணிக்கூடு இருக்கிறது. குடையும் இருக்கிறது. இல்லாதது எது என்று எனக்கு நாலு வருடமாகத் தெரியும்.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். புங்குடுதீவுத் தில்லைநாதனின் மகனுக்கு உன்னைப் பேசியபோது, சாதகம் பொருந்தவில்லை என்றுதான் உனக்குச் சொன்னேன். அது பொய். சாதகம் நன்றாகப் பொருந்தியது. உனக்கு வலிப்பு என்று அவர்களுக்குத் தெரியவந்துவிட்டது. பதினேழு வயதில் ஒரே ஒரு முறை, உன் படிப்பறைக்குள் வந்தது. அன்று உன்னோடு படித்துக்கொண்டிருந்த சவுந்தரிதான் உன்னைச் சரித்துப் பிடித்தாள். இந்தக் கதை வெளியே போகக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். "ஓம் ரீச்சர்" என்றாள். அறிந்தவர்கள் அப்பாவும் நானும் அவளும்தான். பிறகு, அந்தக் கலியாணத்தைப் பேசிவந்த விநாயகமூர்த்தி வந்து, "டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை ஒண்டு தானாகத் தேடிப்போய்ச் சொன்னதாம், ரீச்சர்" என்றார். வேறு யார்?

அன்றிலிருந்து அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கோயிலில் என்னைக் கண்டு கும்பிட்டால் திருநீற்றுத் தட்டைப் பார்ப்பேன். அவள் சோதனை தவறவேண்டும் என்று அம்மனிடம் கேட்க நயினாதீவுக்கு வள்ளம் ஏறியும் போனேன். சந்நிதியில் நின்றபோது வாய் வரவில்லை. அம்மனிடம் கேட்கக் கூசியதை நானே செய்துகொள்வது என்று திரும்பி வந்தேன். நீ பரிசு கேட்டு எழுதியது எனக்குக் கதவு திறந்ததுபோல இருந்தது.

ஊர்காவற்றுறையில் சில்வெஸ்ரர் கடையில் பெரிய ஆமைப்பூட்டு ஒன்று வாங்கினேன். "வள்ளக்காரர் சாமான் அறைக்குப் போடுற பூட்டு ரீச்சர், திறப்புத் துலைஞ்சால் அரிஞ்சுதான் எடுக்கவேணும்" என்றார். அப்படியென்றால் அதுதான் வேண்டும் என்றேன். அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சேரும், ஆஸ்பத்திரியைப் பூட்டிப்போட்டு வீட்டை வரச் சொல்லிக் குடுக்கிறீரோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திறப்பு இரண்டையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டு பூட்டை மட்டும் வடிவான தாளில் சுற்றியிருக்கிறேன்.

இது உன் கைக்கு வரும்போது காரியம் முடிந்திருக்கும். என்னைத் தடுக்க நினைக்காதே. உன் வாழ்வு குழம்பியதற்கு ஒருத்தியாவது தலை குனியவேண்டும்.

தெய்வம் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

உன் அம்மா,
விமலாம்பிகை


கரம்பொன்,
6-4-1986

அன்பு மகளுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதமோ, நீதான் தாமதமோ தெரியாது. அதற்குள் நடந்ததை எழுதுகிறேன்.

சவுந்தரியை வழியனுப்ப அவள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நான் போவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் தாய் சீதேவி ஓடிவந்து கதிரை இழுத்துப் போட்டாள். எல்லோர் பரிசுகளும் பிரிக்காமல் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தன. நான்தான், "இப்பவே பிரிச்சுப் பாரும் பிள்ளை" என்றேன். முந்தி அவளை நீ என்பேன். அந்த மரியாதை அவளுக்குச் சுட்டிருக்கும்.

பூட்டைக் கண்டு சனம் சிரித்தது. "குவாட்டர்ஸிலை கள்ளர் கூடவாம், ரீச்சர் விசாரிச்சுத்தான் வாங்கியிருக்கிறா" என்றார் அவள் தாய்மாமன். "பெட்டிக்கில்லை," என்றேன் நான். "வருத்தக்காரர் நம்பிக் காட்டின வருத்தம் டொக்டரின்ரை வாய்க்குள்ளை கிடக்கவேணும். இது வாய்க்கு. திறப்புத் தேவைப்படாது." சிரிப்பு நின்றுவிட்டது. சீதேவி பாயாசத் தட்டைப் பரிமாறாமல் கீழே வைத்தாள். மகளே, மறைக்கமாட்டேன், அந்தப் பாயாசத்தைவிட அது எனக்கு இனித்தது.

அவள் அழுவாள் என்று பார்த்திருந்தேன். அழவில்லை. பூட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் குசினிக்கு வாங்கோ ரீச்சர்" என்றாள். போனேன்.

"லலிதா உங்களுக்கு ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டாள். எதைப்பற்றி என்றேன். "அப்ப என்னாலை சொல்ல ஏலாது ரீச்சர். நீங்கள் என்னைப் பேசுங்கோ. நாலு வருசமா மனதுக்குள்ளை பேசினனீங்கள், இண்டைக்குச் சத்தமாப் பேசுங்கோ" என்றாள். தில்லைநாதன் வீட்டுக்குச் சொன்னது நீதானே என்று கேட்டேன். "ஓம், நான்தான்." ஏன் சொன்னாய் என்றேன். அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. பொங்கிய பாலை இறக்கிவைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வகுப்பில் யன்னல் கண்ணாடி உடைந்தால், உடைத்த பிள்ளை பொய் சொல்லும். "நான்தான்" என்று எழும்பி, ஏன் என்று கேட்டால் பேசாமல் நிற்கிற பிள்ளை இன்னொருத்திக்காக நிற்கிறது. அப்போது நான் அந்தப் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பக்கத்து வாங்கில் இருக்கிறவர்களில் யார் தலை குனிந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாங்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தில்லைநாதன் வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாய். என்னைத் தேற்றத்தான் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் லண்டன் படிப்பு என்றாய். மனம் உடைந்து போகிறாய் என்று எண்ணி நானே நகையை அடைவு வைத்து அனுப்பினேன்.

லலிதா, அவர்களிடம் போய்ச் சொல்லும்படி சவுந்தரியைக் கேட்டது நீதானா?

என் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. இறங்க இடம் தேடிக்கொண்டு நிற்கிறது. அவள் உன்னைச் சாட்டித் தப்பப் பார்த்தாள் என்றால், அந்தப் பூட்டு அவளுக்குப் போதாது. ஆனால் நீதான் என்றால், இத்தனை காலம் நான் யாரை வைதேன்? அந்தக் கலியாணம் வேண்டாம் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்திருப்பேன்? அழுதிருப்பேன். உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். பிறகு, பந்தல் போட்டுக் கட்டிவைத்திருப்பேன் என்றா பயந்தாய்?

சீதேவியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும்படி அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். உன் பதில் வராமல் நான் அந்தப் படலையைத் திறக்கமாட்டேன். திறப்புகள் இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கின்றன.

வேளைக்குச் சாப்பிடு. நித்திரை முழிக்காதே. நீ எந்த வழியை நினைத்துப் போனாயோ அந்த வழியில் உனக்குக் குறை வராமல் அம்மன் பார்க்கட்டும்.

இதை வாசித்ததும் பேனையை எடுப்பாய் என்று தெரியும். சவுந்தரிக்கு எழுதவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு முதலில் எழுது.

அம்மா