தறிச் சத்தத்தில் பார்த்த காதல்

அம்மா, மேல் வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள்.

காலையில் ஆரம்பித்த மெஷின் இன்னும் ஓயவில்லை. சிங்காநல்லூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படியொரு சத்தம் கேட்டதில்லை. இன்றைக்கென்று பார்த்து, நம் கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதி வந்திருக்கிறது. ஆமாம், ஒருவழியாக முடித்துவிட்டார்கள். போனில் போட்டு, ஹெட்செட்டை மாட்டி, ஒலியை முழுக்கக் கூட்டியும் ஒரு சொல் காதில் விழவில்லை. முதலில் எரிச்சலாக வந்தது. மேலே போய்ச் சண்டை போட்டுவிட்டு வரலாமா என்றுகூட எழுந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுக்காரியும் முடிக்காரனும் பாலத்தின் மேல் எதிரெதிரே நிற்கிறார்கள், நான் என்னை அறியாமலே அவர்கள் மூஞ்சியைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். நீங்கள் பழக்கிய பழக்கம், விடுமா?

நம் சோமனூர் வீட்டில் டிவி எங்கே இருந்தது என்பதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஹாலுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் இருந்த ஜன்னலுக்கு நேராக, இரும்பு பீரோவின் மேல், குடோனைப் பார்த்துத் திரும்பி இருக்கும். ஹாலில் உட்கார்ந்தவர்களுக்குக் கழுத்து வலிக்கும். உங்களுக்குத் தறியை விட்டு நகராமல் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பையைப் போட்டுவிட்டு, குடோனில் நூலைத் தாராகச் சுற்றும் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். அப்போதுதான் அந்தக் கார்ட்டூன் வரும். தமிழில்தான் பேசினார்கள் என்று ஊரே சொன்னது. நமக்கு எப்படித் தெரியும்? அத்தனை தறியும் ஓடுகிற இடத்தில் இடி விழுந்தாலே கேட்காது.

அதனால் அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியிருந்தவளுக்குத் துண்டுக்காரி என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். ஒரு கண்ணை முடியால் மறைத்துக்கொண்டு திரிந்தவன் முடிக்காரன். இரண்டு மலைக் கோட்டைகள், இரண்டு பேரும் வாள் வீரர்கள், பார்க்கிற இடத்திலெல்லாம் வெட்டிக்கொள்வார்கள். மற்ற பிள்ளைகள் யார் ஜெயிப்பார் என்று பார்த்தார்கள். நீங்கள் தறியில் ஓடுகிற நாடாவை மாற்றிப் போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வாயசைவில் எனக்குச் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"அவங் கண்ணப் பாரு கண்ணு. வாளு வர்ற பக்கமா பாக்கறான்? அவ மூஞ்சியத்தான பாக்கறான்."

தறி ஓட்டுகிற குடும்பத்தில் சத்தம் போட்டுப் பேசுகிறவர் யாருமில்லை. உதடு அசைந்தால் போதும், குடோனின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு முழுக்கதையும் வந்துவிடும். நான் பேசக் கற்றதைவிட வாயைப் படிக்கக் கற்றது முந்தி என்று அப்பா கேலி செய்வார். "அவங்க சண்டக்காரங்கம்மா" என்று நான் திருப்பிச் சொன்னேன். நீங்கள் அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "வேண்டாதவங்க இப்படி உத்துப் பார்த்துக்குவாங்களா? பங்கு பிரிச்சதுக்கப்பறம் உங்க பெரியப்பா நம்ம பக்கம் திரும்பிப் பாக்கறாரா சொல்லு." அன்றிலிருந்து நம் இருவருக்கும் அது காதல் கதை. ஒவ்வொரு வெட்டுக்கும் குத்துக்கும் நீங்கள் வசனம் வைப்பீர்கள். அவன் பல்லைக் கடித்தால் "சாப்பிட்டியான்னு கேக்கறான்." அவள் வாளை ஓங்கினால் "நேத்து ஏன் வரலைன்னு கோவம்." வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் கூலி உயர்வு கேட்டு ஊர் முழுக்கத் தறியை நிறுத்தினார்களே, அந்த மாதம் வந்தது. வீடு புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் திட்டுவது கேட்டது, காக்கை கத்துவது கேட்டது. சாயங்காலம் டிவியைப் போட்டேன். முதல்முறையாக முடிக்காரன் பேசினான். "உன் குலத்தையே பூண்டோடு அழிக்காமல் ஓயமாட்டேன்" என்றான். அவளும் சும்மா இல்லை. அவன் ரத்தத்தில் வாளைக் கழுவுவேன் என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஏமாந்துபோய்விட்ட அழுகை அது. இத்தனை நாள் நாம் பார்த்ததெல்லாம் நாமாகக் கட்டிக்கொண்டதா என்று தாங்க முடியவில்லை.

நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். டிவியைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தீர்கள். புடவைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொன்னீர்கள்.

"அழுகாத சாமி. அவங்க வாயும் இந்தப் பேச்சும் சேரவே இல்ல பாரு. வாய் மூடுனதுக்கப்பறமும் பேச்சு வருது. இது அவங்க பேசறதில்ல, யாரோ உள்ள உக்காந்து பேசறாங்க. மூஞ்சி மட்டுந்தான் அவங்களுது. நாம மூஞ்சியவே பாப்போம்."

எவ்வளவு சரியான கண்டுபிடிப்பு அது என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அந்தத் தொடர் வேறு நாட்டுக்காரர்கள் எடுத்தது, தமிழ்ப் பேச்சு சென்னையில் யாரோ சேர்த்தது. மொழிமாற்றம் என்ற சொல்லே தெரியாமல் அதைப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது பெரிதில்லை. என் கதை எனக்குத் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கல்லூரிக்குப் போனபோது என் கைக்குப் போன் வந்தது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் நம்மைப் போலவே அந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்துக் கனவு கண்டுகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. படம் வரைகிறார்கள், கதை எழுதுகிறார்கள். ஒருத்தி அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையே அடித்திருந்தாள். உங்களிடம் ஓடிவந்து காட்டினேன். "நம்மள மாதிரி கிறுக்குங்க நெறைய இருக்கறாங்களாட்ட" என்று சந்தோஷப்பட்டீர்கள். தமிழில் யாரும் எழுதவில்லை என்று சொன்னதும், "அப்ப நீ எழுது" என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள். நான் போனிலேயே எழுதிப் போட ஆரம்பித்தேன். செவப்புத்துண்டு என்று புனைபெயர் வைத்துக்கொண்டேன். மலேசியாவில் ஒரு அக்கா, திருநெல்வேலியில் இரண்டு தங்கைகள் என்று படிக்க ஆள் சேர்ந்தது. ஒவ்வொரு பகுதியையும் தறியோரம் நின்று முதலில் உங்களுக்கு வாயசைத்துச் சொல்வேன். நீங்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

"அதுக்குள்ள கையப் புடிக்க வெச்சுட்டியா? அவசரப்படாத அம்மணி. இன்னுங் கொஞ்சம் சண்ட போடட்டும்."

வாசகர்கள் என்னைக் கடித்துக் குதறினார்கள். எப்போது சேர்த்துவைப்பாய் என்று கெஞ்சினார்கள். நீங்கள் கேட்கவேயில்லை. அதனால்தான் அவர்கள் விடாமல் படித்தார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பெருந்துறைப் பக்கம் ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் பெரியப்பா வீடுவரை போனது. பெரியப்பா மகன் என் கதையைப் பார்த்துவிட்டான். தன் அப்பா கிளம்பி வருகிறார், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று காலையிலேயே செய்தி அனுப்பினான். பெரியப்பா ஒன்று சொன்னால் அப்பா மறுக்க மாட்டார். அது பயமில்லை, அண்ணன் என்கிற மரியாதை. அவர் தலையாட்டிவிட்டால் நான் அழித்தே ஆக வேண்டும். அந்தக் கதை போனால் எனக்கென்று எதுவும் மிச்சமிருக்காது என்று அன்று உண்மையாகவே நினைத்தேன். உங்களிடம் வாயசைத்துச் சொன்னேன். நீங்கள் தாரை மாற்றினீர்கள்.

மூத்தவர்கள் வீட்டுக்கு வந்தால் தறியை நிறுத்திவிட்டு "வாங்க" என்பதுதான் நம் பக்கத்து மரியாதை. கூலி போனாலும் பரவாயில்லை என்று நிறுத்துவார்கள். பெரியப்பா வெள்ளை வேட்டியோடு குடோன் வாசலில் வந்து நின்றார். நீங்கள் கை கூப்பினீர்கள். முகம் நிறையச் சிரித்தீர்கள். தறியை நிறுத்தவில்லை.

"தறிய நிறுத்தம்மா. ஒரு விசயம் பேசோணும்."

"என்னங் மாமா? கேக்கலீங்."

அவர் ஒரு படி குரலை உயர்த்தினார். "உன்ற புள்ள விசயமா வந்தேன்."

"புள்ளைங்களா? நல்லா இருக்கறாளுங். உக்காருங் மாமா, மோர் கொண்டாரச் சொல்றனுங்."

அவர் வெளியே வரும்படி சைகை செய்தார். தறியில் பாவு நூல் முடியப்போகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று நீங்களும் சைகையிலேயே சொன்னீர்கள். வாசலுக்கு வெளியே சந்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மகள் காதல் கதை எழுதுகிறாள் என்று அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே கத்தினால் முதலில் போவது அவர் மானம்தான். அவர் வாய் திறப்பதும் சந்தைப் பார்ப்பதும் மூடுவதுமாக நின்றார். உள்ளேயிருந்து வந்த அப்பா சுவிட்சை நோக்கிப் போனார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். வெறுமனே பார்த்தீர்கள். அப்பா நின்றார். பிறகு பக்கத்துத் தறிக்குப் போய், அறுந்தே இருக்காத நூலை முடிந்துகொண்டிருந்தார்.

பெரியப்பா மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, சத்தமில்லாமல் என்னென்னவோ முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம் அப்பா கேட்டபோது, "எனக்கென்னங் தெரியும்? சத்தத்துல ஒண்ணுங் கேக்கலீங்" என்றீர்கள். என்னிடம் மட்டும் அடுப்படியில் வைத்து அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தீர்கள்.

"'பொட்டப்புள்ள எழுதற எழுத்தா இது, பெருந்துறைக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னாவறது, எல்லாத்தயும் அழிச்சுப்போடச் சொல்லு'ன்னாரு. நாந்தான் கேக்கலையே. நீ போய் எழுது."

அந்த வரன் போயிற்று. நீங்கள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "அவங்கூட்டுல எல்லாருஞ் சத்தமாப் பேசறாங்க, நமக்கு ஒத்து வராது" என்றீர்கள். பின்னால் வந்த மாப்பிள்ளையையும் நீங்கள் பேச்சு கேட்டு முடிவு செய்யவில்லை. நான் காபித் தட்டைக் கொண்டுவந்தபோது அவர் காபியைப் பார்த்தாரா என்னைப் பார்த்தாரா என்றுதான் கவனித்தீர்கள். உங்கள் கணிப்பு தப்பவில்லை என்பதை இந்த இடத்தில் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். இன்று எழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒலியில் கதை சொல்லும் ஒரு நிறுவனத்தில் கதை எழுதுகிறேன். காதால் மட்டும் கேட்கிற கதை. முதல் சம்பளத்தன்று இதைச் சொன்னபோது, "நம்மூட்டுப் புள்ளைக்குச் சத்தத்துல வேலையா" என்று எப்படிச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்போதே அந்த இருமலைக் கவனித்திருக்கலாம்.

பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி, ஆஸ்பத்திரியில் உங்கள் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். வாய் அசையும், குரல் வராது. டாக்டர் வருத்தத்தோடு எழுதிக் காட்டப் பலகை கொடுத்தார். நர்ஸ் படங்கள் போட்ட அட்டை கொண்டுவந்தாள். தண்ணீர், வலி, கழிப்பறை. நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நமக்கெதற்கு அதெல்லாம். அந்த வார்டில் மற்றவர்கள் தங்கள் ஆட்கள் என்ன சொல்ல வருகிறார்கள் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்கள். நீங்களோ எதிர்க்கட்டில் அம்மாவின் மருமகள் எத்தனை முறை போன் பார்த்தாள் என்பதுவரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கடைசி நாட்களில் நீங்கள் சொன்ன ஒரு சொல்லும் எனக்கு வீணாகவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தத் தறிகளை நான் கும்பிடுவேன், உங்கள் மூச்சைத் தின்றதும் அவைதான் என்றாலும்.

ஒரு மத்தியானம் கண் திறந்து கேட்டீர்கள்.

"சேந்துட்டாங்களா?"

தொடர் அப்போது முடியவில்லை. உங்களுக்கு அது முடிகிறவரை நேரமில்லை என்று எனக்குத் தெரியும். "சேந்துட்டாங்கம்மா" என்று உதட்டை அசைத்தேன். நீங்கள் என் வாயைப் பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தீர்கள். கண் சுருங்கி, குழாய் அசைகிறமாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"பொய்யி. அவசரப்படாத."

அதற்குப் பிறகு தூக்கம்தான். உங்கள் கை கதகதப்பாக இருந்தவரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், அம்மா. அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை. பாலத்தின் மேல் வாளை உறையில் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். போகும் முன் முடிக்காரன் ஏதோ சொல்கிறான். அடுத்தமுறை பார்த்தால் கொன்றுவிடுவேன் என்கிறானாம், மலேசியா அக்கா அழுகைப் படங்களோடு எழுதி அனுப்பியிருந்தாள். இத்தனை வருடம் காத்திருந்ததற்கு இதுதானா என்று எல்லாரும் கொதிக்கிறார்கள். எனக்கு அந்த வசனம் கேட்கவில்லை. மேலே டைல்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அவன் கண்ணை மறைத்திருந்த முடியைக் கையால் ஒதுக்கியதைத்தான். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவன் அப்படிச் செய்ததில்லை. இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தான். நீங்கள் இருந்திருந்தால் நாடாவைக் கீழே போட்டிருப்பீர்கள்.

மெஷின் நின்றது, டீ குடிக்கப் போயிருப்பார்கள். அந்த வசனத்தைப் பின்னால் தள்ளிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செவப்புத்துண்டு எழுத வேண்டும், அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று காலையிலிருந்து எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மெஷின் மறுபடி ஆரம்பித்ததும் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் கதையில் துண்டுக்காரி பாலத்தின் பாதியிலிருந்து திரும்பி வருகிறாள். வந்ததும் வாளை உருவுகிறாள். இன்னும் கொஞ்சம் சண்டை போடட்டும், அம்மா.