முதல் மூடை உளுந்து

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் ரோஸ்லின் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று தொடங்கத்தான் கை வந்தது. பொய் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. நான் நலமாக இல்லை.

உளுந்து அடித்தாயிற்று. நம் காட்டில் இப்படி ஒரு விளைச்சலை நான் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பார்த்ததில்லை. நாகலாபுரம் வரைக்கும் எல்லார் களமும் நிறைந்து கிடக்கிறது. அந்த மழை பெய்யாமலே போயிருக்கலாம் என்று நினைப்பவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். இதை யாரிடம் சொல்ல? அத்தனை பேர் சோற்றிலும் மண் அள்ளிப் போட்டது மாதிரி ஆகிவிடாதா?

ஐப்பசி பாதி போயும் வானம் இரங்கவில்லை. புழுதியில் விதைத்த விதையை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. சபையாக உபவாசம் இருந்து ஜெபித்தோம். நீங்கள் எழுந்து நின்று, மழை பெய்தால் முதல் மூடை உளுந்து ஆலயத்துக்கு என்று பொருத்தனை செய்தீர்கள். வீட்டுக்கு வரும் வழியில், "ஆண்டவர்கிட்டயே பேரம் பேசுதீயளா?" என்று கேலி செய்தேன்.

"பேரம் இல்லட்டி. குடுத்தாலும் அவருதான் ராசா, குடுக்காட்டாலும் அவருதான் ராசா. நாம தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவ வேண்டியதுதான்."

அந்த வாரமே மழை வந்தது. "காட்டப் பாத்திட்டு இந்தா வந்திருதேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஓடினீர்கள். வந்தது ஆடு மேய்க்கிற மாடசாமிதான். தொப்பலாக நனைந்து வாசலில் நின்றான். "யக்கா, அண்ணாச்சி மேல இடி விழுந்திட்டுக்கா." நீங்கள் கேட்டு வாங்கிய மழையிலேயே, அத்தான்!

கல்லறைத் தோட்டத்தில் கரிசல் எல்லார் காலிலும் அப்பிக்கொண்டது. ஜெபத்தை ஆரம்பித்த உபதேசியார், பழக்கதோஷத்தில், "மழையத் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்றுவிட்டார். உங்கள் பெட்டியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவசர அவசரமாக ஆமென் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு இன்றுவரை ஜெபம் வரவில்லை.

பிறகொரு நாள் மாடசாமி கேட்டான்: "எங்க சாமியா இருந்தா நான் கோயில் வாசல்ல போயி நின்னு வஞ்சிருப்பேன். ஒங்க சாமிய வையலாமாக்கா?" வையலாமா அத்தான்? பணிவதற்கு மட்டும்தானே எனக்குச் சொல்லித் தந்தீர்கள்.

நம் மகள் ஜெனிபா இப்போதெல்லாம் மேகம் கறுத்தால் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "யம்மா, நீ ஜெபம் பண்ணிராத" என்கிறாள்.

நேற்று உபதேசியார் வீட்டுக்கு வந்தார். "பொருத்தனையத் தாமசம் பண்ணக்கூடாதும்மா. ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகை. மூடைய நீங்களே பீடத்துக்கு முன்னால வச்சு, ஒரு சாட்சியும் சொல்லிருங்க. ஆண்டவர் செஞ்ச நன்மையச் சொல்லணும்லா?" என்றார். எந்த நன்மையை ஐயா என்று தொண்டை வரைக்கும் வந்தது. மோரைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கோவில்பட்டி வியாபாரி வந்து மிச்ச உளுந்தையெல்லாம் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த முதல் மூடை மட்டும் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைத் தெருவில் கொட்டி மாடசாமியின் ஆடுகளை மேயவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. உடனே உங்கள் முகம் வந்துவிடுகிறது. எரிச்சலாக இருக்கிறது அத்தான், செத்த பிறகும் என்னை அடக்கி வைத்திருக்கிறீர்களே என்று. அழுகையாகவும் வருகிறது.

மூடையைக் கொண்டுபோய் வைப்பேன். ஆண்டவருக்குப் பயந்து அல்ல, நீங்கள் வாக்குக் கொடுத்ததற்காக. அவர் ராசாவாகவே இருக்கட்டும், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஸ்தோத்திரம் என்று என் வாய் சொல்லாது. தலையும் குனிய மாட்டேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்து நின்று, உங்கள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
உங்கள் பெஞ்சாதி,
ரோஸ்லின்