கொக்கு எண்ணிய கோபம்

மணி ஐந்தே முக்கால். தோழிகளோடு கடலோரச் சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்கக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வந்தால், மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் சேற்றில் கிடந்த பிளாஸ்டிக் பைகளை நீங்கள் கொக்கு என்று எண்ணியதற்குச் சிரித்தவள் எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர். "இனிமே உங்க கூட்டத்தோட வரமாட்டேன்" என்று நீங்கள் முறுக்கிக்கொண்டதோ என்னிடம். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? வேலிக்கம்பைப் பருந்து என்று சொல்லி, எங்களை மூச்சுவிடாமல் உட்கார வைத்தவள்தானே!

உங்கள் பைனாகுலரை நான் எடுக்கவில்லை. ஷூ வாசலில் இருக்கிறது. குளிர்கிறது, மப்ளரும் அங்கேயே.

பின்குறிப்பு: வேன் தெருமுனையில் டீக்காக நிற்கும். ஜன்னலோர இடம் பிடித்துவைக்கிறேன். போர்வைக்குள் விழித்துத்தான் கிடந்தீர்கள், தெரியும். கிளம்பும்போது நான் கேட்டது காதில் விழவில்லையா? "ஏங்க, நெஜமாவே வரலையா?"