சமையலறை நடுவே ஒரு கோடு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் பாதியிலேயே அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

வீட்டைச் சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள் என்று நீயும் அண்ணனும் தனித்தனியே சொன்னீர்கள், இந்த வருஷத்தில் நீங்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து பிரித்தவன் ஆயிற்றே என்று நாடாவை எடுத்தேன். சுவர்க் கனத்தைக்கூடக் கழித்து, திரும்பத் திரும்பச் சரிபார்த்து வரைபடத்தில் கோடு போட்டேன், பரப்பு துளியும் பிசகவில்லை. கொத்தனார் அதைத் தரையில் சுண்ணாம்பால் இழுத்தபோதுதான் கோடு சமையலறை நடுவே போவது உறைத்தது. அடுப்பு உன் பக்கம், தண்ணீர்க் குழாய் அண்ணன் பக்கம். “கணக்கு சரிதாங்க ஐயா, ஆனா சோறு வேகாதே” என்றார் கொத்தனார். அம்மா கரண்டியோடு கோட்டின்மேல் நின்று, “நான் எந்தப் பக்கம்னு அதையும் அளந்து சொல்லிடுங்க” என்றாள். நான் நாடாவைச் சுருட்டி வைத்தேன்.

உன் வேலை என்னவென்று தெரிந்துகொள்ள, நீ கொடுத்த அணுக்கருப் புத்தகத்தை மெல்லப் படித்து வருகிறேன். தப்பாகப் புரிந்திருந்தால் திருத்து. கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஆனாலும் மிக நெருங்கி இருப்பதால் அதைவிட வலிய ஒரு விசை அவற்றைப் பிடித்துவைக்கிறது, கொஞ்சம் விலகினால் பிடி போய்த் தள்ளுவது மட்டும் மிஞ்சுகிறது. ஒரே கட்டிலில் நீங்கள் இருவரும் உதைத்துக்கொண்டே தூங்கியது நினைவுக்கு வந்தது. யுரேனியக் கரு பிளந்தால் பெரும்பாலும் சரிபாதியாவதில்லையாம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, சில நியூட்ரான்கள் எதிலும் சேராமல் பறந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் கூட்டினாலும் பிளப்பதற்கு முன் இருந்த நிறை வருவதில்லையாம், அந்தக் குறைவு ஆற்றலாகப் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். வீட்டுக்கும் அணுவுக்கும் முடிச்சுப் போடுவது அசட்டுத்தனமாக இருக்கலாம். ஆனால் என் அளவு நாடாவில் வராத ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, சுவர் வைத்தால் அது யார் பங்கிலும் வராது.

ஆகவே நாங்கள் இருக்கும்வரை பிரிக்கப்போவதில்லை. கொத்தனாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் கத்துவான் என்று பயந்தேன். ஆனால் அவன், “அவகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா, நான் சொன்னா நான் அமுக்கிட்டேன்னு நினைப்பா” என்றான். பிறகு அம்மாவிடம் போய், உன்னைப் பற்றி, அவளுக்கு அந்த முதுகுவலி தேவலையா என்று கேட்டானாம்.

கோபம் வந்தால் என்மேல் காட்டு, பொறுத்துக்கொள்வேன். எல்லா நலமும் பெற்று நீ நிறைவாக வாழவேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. அண்ணனை ஒருமுறை கூப்பிடு. வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், முதுகுவலியைப் பற்றிச் சொன்னால் போதும்.

உன் அப்பா