அரைத் தலைக்கட்டு

அன்பு மகன் பாலகுருவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி பாண்டிச்செல்வியும் இருக்கிறோம், உங்கய்யா போன பிறகு சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே தோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கக் காளியாத்தா துணை இருப்பாள். போன் இருக்கும்போது அம்மா எதற்குத் தாள் எடுத்தாள் என்று நினைப்பாய், போனில் நான் வாய் திறப்பதற்குள் சரிம்மா சரிம்மா டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய், தாளை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஒச்சப்பன் மகன் ராம்குமார் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா பால்பாண்டி வைகாசிப் பொங்கலுக்கு வரி கேட்டு வந்தார். குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று உங்கய்யா கொடுப்பதுதானே, அதே மாதிரி எடுத்துக் கொடுத்தேன். பாதியைத் திருப்பிக் கொடுத்து, மதினி, செல்லச்சாமி அண்ணன் போயிட்டாகள்ல, ஆம்பள இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு, ஒங்களுக்கு இனிமே அரை வரிதான் என்றார். துக்க வீடு என்று ஊர் இரக்கப்படுகிறது போல என்று நானும் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன். அப்புறம் நிதானமாகச் சொல்கிறார், பின் ரூம்ல இருக்க வடக்கத்தி ஆளுகளப் பொங்கலுக்கு முன்னாடி காலி பண்ணிருங்க மதினி, ஒருத்தரும் அவுகளுக்கு வீடு கொடுக்கப்படாதுன்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசி முடிக்கப் போறோம், பாலகுருட்ட பேசியாச்சு, அவன் சரின்னுட்டான். நான் குடியிருக்கிற வீட்டைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாமா என்றேன். அரைத் தலைக்கட்டுக்குக் கூட்டத்துல பேச்சு ஏது, ஒங்கள எதுக்குப் போட்டு அலட்டணும் என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏலே, கடல் தாண்டி இருக்கிற நீ முழு ஆள், விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் ஏறிப்போய்ப் பட்டாசு மருந்துத் தூசியில் குனிந்து உட்கார்ந்து வீட்டை நடத்துகிற நான் அரை ஆளா. அவர்கள் சொல்வது இருக்கட்டும், அவர்கள் கேட்டதும் நீ சரி என்று சொன்னாயே, எங்கம்மாட்ட ஒரு வார்த்தை கேளுங்க என்று உனக்குச் சொல்ல வரவில்லையா.

உங்கய்யா போன அன்று நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. வேலை முடிந்து திரும்புகிற கம்பெனி வேனில் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், அலுப்பில் கண் அசந்துவிட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டோம். ஊர் வந்ததும் எந்திரிங்க, இறங்கணும் என்று நான்தான் தோளைத் தொட்டேன். மறுநாள் பாடைத் தேர் கட்டி வைத்திருக்கிறார்கள், தூக்க ஆள் இல்லை. இளவட்டம் பூராவும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் உன்னை மாதிரி வெளிநாட்டிலும் கிடக்கிறது. எங்கய்யாவுக்கு நான் தோள் கொடுக்கேன் என்று செல்வி முன்னால் வந்தாள், பொட்டப்புள்ள தேரைத் தொடப்படாது, தள்ளு என்று அதட்டினார்கள். அப்போதுதான் பின் ரூம் பிபினும் அவனோடு அச்சாபீஸில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்களும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து குனிந்தார்கள். ஓடை மணலில் பால்பாண்டிக்கு மூட்டு பிடித்துக்கொள்ள, அவர் பக்கத்துக் கம்பையும் பிபின்தான் வாங்கினானாம், போகக்கூடாது என்று சொல்லியும் ஓடைக்கரை வரை போன செல்வி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நீ எந்த ஊரு, என்ன ஆளு என்று அன்றைக்கு ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.

அவர்கள் சொக்கத்தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் எதையோ மென்று சுவரோரம் துப்புகிறான், நானும் வைதுகொண்டுதான் இருக்கிறேன். அவன் பெண்டாட்டி மினதி கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் தெருவே மூக்கைப் பொத்துகிறது, போன் பேசினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் நான் படுத்தே கிடந்த நாளில் பாஷை தெரியாமல் கஞ்சித் தூக்கை வைத்துக்கொண்டு நான் குடிக்கிற வரை எதிரில் உட்கார்ந்திருந்தது அவள்தான். இப்போது நிறைமாசம். ரூமை அவர்களுக்குக் கொடுத்தது உங்கய்யா. வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான் என்று பால்பாண்டி பேசுகிறார். ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலி என்று அவர்கள் வருவதற்கு ரொம்ப முந்தியே வைத்தார்களே, அதற்கு ஒரு நாளாவது ஊர்க்கூட்டம் போட்டார்களா.

போனில் நீ சொன்னதும் எனக்கு ஆறவில்லை. விருதுநகர்ல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்ப வீட்டுக்குள்ள கண்ட ஆளுகளும் இருந்தா என்ன நினைப்பாங்க, நீயும் பட்டாசு வேலைக்குப் போறதச் சொல்லிக்காதம்மா என்கிறாய். உன்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தது அந்த வேலைதான், நான் ஒளிக்க மாட்டேன், அதைக் கேட்டு முகம் சுளிக்கிற பெண் நமக்கு வேண்டாம். அங்கே கடையில் நீ உள்ளே போனால் பையைத் தடவிப் பார்க்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள் என்று நீதானே குமுறினாய். அய்யா காரியத்துக்கு வரக் கம்பெனி லீவு கொடுக்காத அன்று உன்னைத் தனியே விடாமல் கூடவே இருந்து சோறு ஊட்டினவன் பீகார்க்காரன் என்று நீதானே அழுதாய். அங்கே பட்டவனுக்கு இங்கே எப்படியப்பா இப்படிப் பேச வருகிறது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நான் போகிறேன். வரியை மாடத்தி என்று என் பேரில் முழுசாக எழுதினால் வாங்கிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் கொடுத்த அரையையும் திருப்பிக் கேட்பேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ராம்குமார் அதற்குள் அங்கே வந்துவிடுவான், இதைப் படித்த கையோடு பால்பாண்டிக்குப் போன் போட்டு, வீட்டு விஷயத்த எங்கம்மாட்ட கேளுங்க என்று சொல். சொல்ல மனசு வராவிட்டால் பேசாமலாவது இரு. நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும், மினதி பிள்ளை பெற்று எழுந்து நடமாடுகிற வரை அந்த ரூம் கதவில் ஒருவரும் கை வைக்க விட மாட்டேன். லீவுக்கு வந்தால் நான் எங்கே படுப்பது என்று கேட்பாய். உங்கய்யா கட்டில் கிடக்கிறது, இன்னும் அதில் யாரும் படுக்கவில்லை, நீ வந்து படுத்துக்கொள்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை பார், தண்ணீர் நிறையக் குடி, கோபத்தில் சாப்பாட்டை ஒதுக்காதே. அய்யா உன் தலைமாட்டில் இருந்து காப்பார்கள், நன்றாக இருப்பாய். சாத்தூர்ச் சேவு கொடுத்துவிட்டிருக்கிறேன், இரண்டு பொட்டலம். சிவப்பு நூல் கட்டியது அந்தப் பீகார்க்காரப் பிள்ளைக்கு, மறக்காமல் கொடு, நீ பிரித்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்
மாடத்தி