கேள்வித் தகரமும் உப்புத் தேத்தண்ணியும்

அண்ணை,

இன்று காலை தேயிலை எடுக்கப் போனபோது, தகரத்தின் மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் கழன்று என் விரலோடு வந்துவிட்டது. நீங்கள் உளியால் வெட்டிய அந்தக் கீற்று, உண்டியல் வாய் மாதிரி, என்னைப் பார்த்து ஆவென்று கிடந்தது. அதன் வழியாகத் தேயிலை மணம் வந்தது. குசினியில் தனியே நின்று சிரித்தேன்.

வாசிகசாலையில் உங்கள் பேச்சுகளை நிறுத்தியபோது, "இது இனி உங்களுக்குத்தான் தங்கச்சி" என்று தந்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாரி கழிந்துவிட்டது. தேயிலை நமத்துப்போகாமல் வாயை ஒட்டி வைத்திருந்தேன்.

துறைமுகக் கந்தோரில் கடலின் ஆழத்தைப் படம் கீறுகிற வேலை உங்களுக்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் வெள்ளைச் சேட்டோடு வாசிகசாலைக்கு வருவீர்கள். சந்திரனுக்கு மனிதர் போவது, நெருப்புக்காய்ச்சல் பரவுவது, ஐம்பது வருடம் கழித்து எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது, இப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு விசயம். கூச்சப்படுகிறவர்களும் கேள்வி கேட்கட்டும் என்று இந்தத் தகரத்தை வைத்தீர்கள். துண்டில் எழுதி, பெயர் போடாமல் உள்ளே போடவேண்டும். தெரியாததைக் கேட்டால் தலையைச் சொறிந்து, "அடுத்த மாசம் சொல்லுறன்" என்பீர்கள். ஒரு தடவையும் சொல்லாமல் விட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தேத்தண்ணி ஊற்றத்தான் அங்கே வந்தேன். பின்கதவடியில் கேத்திலோடு நின்றாலும் காது உங்களிடம் இருக்கும். பேச்சுக் கேட்கப் போகிறவ போகிற வழியில் தேத்தண்ணியையும் ஊற்றிவிட்டு வாறா என்று என் மனிசன் பகிடி பண்ணுவார்.

எங்கள் ஒழுங்கைக்கு ஒரேயொரு பொதுக் கிணறு. கடல் கூப்பிடு தூரம். ஒரு கோடையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டி இறைக்கிற மிசின் பூட்டுவது என்று ஆம்பிளைகள் தீர்மானித்து, வெட்டுகிற ஆட்களையும் பேசிவிட்டார்கள். தினமும் வாளி போடுகிறவர்கள் நாங்கள் அல்லவா? மேல் தண்ணீர் இனிக்கும். எல்லாரும் அள்ளி முடிந்து, வாளி அடியைத் தட்டுகிறபோது வருவது கரிக்கும். அதற்கும் கீழே போனால் என்ன வரும்? அந்தக் கிணறு கெட்டுவிட்டால் முழு ஒழுங்கையும் குடத்தோடு அடுத்த தெருவில் போய் நிற்கவேண்டியதுதான்.

அந்த மாதப் பேச்சில் நீங்கள் ஐம்பது வருடக் கதையைத்தான் பேசினீர்கள். நான் கையில் கிடைத்த தேயிலைப் பக்கட் தாளைக் கிழித்து, "மேல் தண்ணி இனிப்பு, அடித் தண்ணி உப்பு. ஆழமாய் வெட்டினால் எந்தத் தண்ணி வரும்?" என்று எழுதிப் போட்டேன். துண்டுகளை வாசிக்கிறவர் வாசிகசாலைத் தலைவர், சந்தியில் கடை வைத்திருந்தவர். அவர் தாளை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இது கேத்தில் பிடிக்கிற கை எழுதின கேள்வி."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அதுதான் எனக்குச் சுட்டது. "ஆழமாய்ப் போனால் தண்ணி கூடத்தான் வரும் தங்கச்சி. புத்தகத்திலையும் அப்பிடித்தான் கிடக்கு" என்றீர்கள். கடலின் ஆழமெல்லாம் தெரிந்த மனிதர், தன் வீட்டுக் கிணற்றில் ஒருநாளும் வாளி போட்டதில்லை. குளிக்கிற தண்ணீரையும் உங்கள் அக்காதான் அள்ளி வைப்பா.

அடுத்த பேச்சு முடிந்து இரண்டாம் நாள் வெட்டுகிற ஆட்கள் வருவதாக இருந்தது. பேச்சு நாள் மத்தியானம் ஒரு போத்தலில் கல்லைக் கட்டினேன். வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்கு வேறு ஒரு கயிறு போட்டேன். போத்தல் கிணற்றின் அடியைத் தொட்டதும் தக்கையை இழுத்தால் அடித் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். அப்படி எட்டுத் தடவை இறக்கி எடுத்துக் கேத்திலை நிரப்பினேன்.

பேச்சு முடிந்து எல்லாருக்கும் ஊற்றினேன். பேச்சுக் கேட்கக் கிண்ணியாவிலிருந்து தோணி ஏறி வருகிற முஸ்லிம் நானாதான் முதல் வாய் குடித்தவர். முகம் கோணிப்போயிற்று.

"என்ன புள்ள, சீனியெண்டு உப்பப் போட்டுட்டீங்களா?"

தலைவர் யன்னலால் துப்பினார். கேத்திலை நான் கீழே வைக்கவில்லை.

"சீனி போட்டிருக்கு நானா. தண்ணிதான் எங்கட கிணத்து அடியில எடுத்தது. இன்னும் ஆழமாக்கினா எல்லா நாளும் இந்தத் தேத்தண்ணிதான்."

மற்றவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் கோப்பையை வைக்காமல் மிச்சத்தையும் மெதுவாகக் குடித்து முடித்தீர்கள். பிறகு எழும்பினீர்கள்.

"போன மாசம் நான் சொன்னது பிழை. நான் படிச்ச புத்தகத்தில கடல் இல்லை."

அண்ணை, அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல எத்தனை பேருக்கு ஏலும்?

அடுத்த நாள் விடிய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து என் போத்தலைக் கேட்டீர்கள். கயிற்றில் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டு, இறக்கி இறக்கி நக்கிப் பார்த்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒவ்வொரு முகம் காட்டினீர்கள். பெண்டுகள் நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். வெட்டுகிற ஆட்களை வரவேண்டாமென்று ஆம்பிளைகளே மறித்துவிட்டார்கள். மிசினும் வரவில்லை. கொஞ்சம் தள்ளி, ஆழமில்லாமல் அகலமாக இன்னொரு கிணறு வெட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதம் எங்கள் கிணறுதான் பேச்சு. உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறதைக் கண்ணாடிப் போத்தலில் காட்டினீர்கள். இன்று நாங்கள் அவசரப்பட்டு இறைத்தால் பிறக்காத பிள்ளைகள் உப்புக் குடிப்பார்கள் என்றீர்கள். என்னைக் கூப்பிட்டு முன்கதிரையைக் காட்டி, "பேசுறது நான், கண்டுபிடிச்சது இவ" என்றீர்கள். கேத்தில் கொதிக்குது என்று சொல்லி ஓடிவிட்டேன். கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு கிணறும் இன்றைக்கும் இனிக்கிறது. காலையில் பேத்தி தகரத்தின் வாயைப் பற்றிக் கேட்டாள். ஏழாம் வகுப்பு, என்னைவிட இரண்டு வகுப்புக் கூட. இந்தக் கதையெல்லாம் சொன்னேன். பின்னேரம் தகரத்தைத் திறந்தால் தேயிலைக்கு மேல் ஒரு மடித்த துண்டு.

"நான் கிழவியாகேக்கையும் இந்தக் கிணறு இனிக்குமோ?"

பெயர் போடவில்லை. ஒழுங்கு தெரிந்த பிள்ளை. கதவுக்குப் பின்னால் இரண்டு கால் மட்டும் தெரிந்தது. நான் தலையைச் சொறிந்தேன்.

"அடுத்த மாசம் சொல்லுறன்" என்றேன்.

போத்தல் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது அண்ணை. நாளைக்குக் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கவேண்டும்.