ராணியம்மாவுக்கு மூன்று பெண்கள்

அத்தை,

பித்தளைக் கிண்ணத்தைப் புளி போட்டு இரண்டு முறை துலக்கிவிட்டேன். விளக்கெண்ணெயும் மஞ்சளும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. கையை முகர்ந்தால் நீ எதிரில் வந்து நிற்கிறாய். உயிரோடு இருந்தவரைக்கும் உன்னை ‘நீங்க’ என்றுதான் சொன்னேன். இந்த மடலில் ‘நீ’ என்றுதான் வரும். கோபம் அப்படி.

இன்றைக்கு ஆடி கடைசி வெள்ளி. ஏரிக்கரையில் நிற்கும் ராணியம்மா சிலைக்கு நம் வீட்டுக் கிண்ணத்து எண்ணெய்தான் முதலில். நான் வாழ வந்த வருஷம் நீ சொன்ன கதை நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து ராஜாவின் பெண்டாட்டி அவள். ஆண்பிள்ளை பெறவில்லை என்று ராஜா வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான், இவள் இந்த ஏரியில் விழுந்து செத்தாள் என்றாய். அதனால் மகன் பெற்ற கைதான் அவளுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டுமாம். பெண்களை மட்டும் பெற்றவளும் பிள்ளை இல்லாதவளும் தள்ளிப்போய்ப் புங்கமரத்தடியில் நிற்க வேண்டுமாம்.

நான் எட்டு ஆடி நின்றேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று. ஒருமுறை அந்தக் கரையில் இருக்கும் கோயில் சுவரின் கல்லெழுத்தில் இந்தக் கதை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். “அஞ்சாவது படிச்சவ கல்லு படிக்கப் போறா, பாருங்கடி” என்றாய். கரையே சிரித்தது. எங்கள் தெருவில் அஞ்சாவது முடித்த முதல் பெண் நான். அந்தச் சிரிப்பை இன்னும் செரிக்கவில்லை.

நாலாவதாக மகன் பிறந்தான். அடுத்த ஆடிக்கு நீயே என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எண்ணெய் தேய்த்துவிட்டுத் திரும்பினால், மரத்தடியில் என் மூன்று பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவள் கேட்டாள், “ம்மா, நாங்க இருந்தப்போ உன்னை ஏன் கூப்பிடல?”

நான் கிண்ணத்தைத் துடைத்து உன்னிடம் கொடுத்தேன். உன் கதையை நம்பினேன். அதோடு விட்டேனா? நீ போன பிறகு கிண்ணம் எனக்கு வந்தது. என் மகன் பெண்டாட்டிக்கு இரண்டும் பெண். அவளையும் அதே மரத்தடிக்கு அனுப்பினேன். “என் புள்ளைங்க எதிர்ல என்னை நிக்க வைக்காத அத்தே” என்று மெதுவாகத்தான் சொன்னாள். பழக்கம் என்றேன். அன்று மத்தியானமே அவர்கள் குடியிருக்கும் திருப்பதிக்குப் பஸ் ஏறினாள். நாலு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை. பேத்திகள் வளர்ந்ததை நான் போனில் பார்த்தேன்.

இந்தச் சித்திரையில் காலேஜிலிருந்து கல்லெழுத்து படிக்கும் ஒரு பெண் வந்தாள். சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, தட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு வரி விடாமல் சொல்லு என்றேன்.

மூன்று கல் அத்தை. முதல் கல்லில் ராணி புதுப்பெண். வடக்கே ஒரு சிற்றரசன் மகள், வந்த வருஷம் சாமிக்கு விளக்கு வைத்திருக்கிறாள். இரண்டாம் கல்லில் அவளுக்கு மூன்று பெண்கள், மூன்று பேரின் பெயரும் இருக்கிறது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பெரியவள் பேரில் வெட்டியதுதான் இந்த ஏரி. மூன்றாம் கல் வெட்டும்போது ராஜா இல்லை. ராணி கிழவி. ஏரியில் வருஷா வருஷம் தூர் எடுக்க நிலம் எழுதி வைக்கிறாள். பெண் வயிற்றுப் பேரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

ஏரியில் விழுந்து செத்தவள் எப்படி நிலம் எழுதி வைப்பாள்? மகன் இல்லை என்று அழுததாக ஒரு எழுத்து உண்டா? பெண்ணின் பேரில் அவள் வெட்டிய ஏரியில் அவளையே தள்ளிவிட்டீர்களே.

கதையை நீயாகக் கட்டவில்லை, உனக்கும் யாரோ சொன்னதுதான். அது தெரியும். கோடி வீட்டுக் கிழவி இன்னொன்றும் சொன்னாள். என் வீட்டுக்காரர் பிறக்கும் முன்னால் நீயும் ஏழு வருஷம் அந்த மரத்தடியில் நின்றவளாம். இரண்டு பெண்களைப் பெற்றுப் பறிகொடுத்தவளாம். அந்த வெயில் உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை அனுப்பினாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அந்த வெயில் தெரிந்துதானே மருமகளை அனுப்பினேன் என்று நினைக்கும்போது, இன்னும் பொறுக்க முடியவில்லை.

மருமகளுக்குப் போன் போட்டுக் கல்லில் இருந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்.

“கல்லு சொன்னாதான் நம்புவியா அத்தே? நான் சொன்னப்போ நம்பலியே.”

ஆடி கடைசி வெள்ளிக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

காலையில் வந்து இறங்கினாள், இரண்டு பெண்களோடு. கரையில் கிண்ணத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சின்னப் பேத்தி வாங்கிக்கொண்டாள். “ஆயா, இந்தம்மாவுக்கு எத்தினி பொண்ணுங்க?” என்றாள். மூணு என்றேன். அக்காவும் தங்கையும் ராணியம்மாவின் பாதத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்கள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டது.

பிறகு நானே நடந்துபோய்ப் புங்கமரத்தடியில் நின்றேன். மகன் பெற்றவள்தான் நான். ஆனாலும் அங்கே நின்றேன். நீ ஏழு, நான் எட்டு, மருமகள் ஒன்று. இனி அங்கே நிற்க வேண்டியது கிண்ணம் வைத்திருந்தவள்தான். காலை நேரத்தில் மரத்து நிழல் ஏரிப் பக்கம் விழுகிறது, நிற்கிறவள் மேல் விழுவதில்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

எண்ணெய் தீரும் மட்டும் நின்றேன். மருமகள் என் பக்கம் வந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

“வெயிலு ஏறுது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்க” என்றாள்.

போட்டுக்கொண்டு நின்றேன். கிண்ணத்தை அவர்களோடு திருப்பதிக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன். உன் மேல் இருக்கும் கோபத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன், அத்தை. அது என்னோடு போகட்டும்.